எபெனேசர் ஆளா, கல்லா? கேள்வி பதில்

வேதாகமப் பெயர்களின் பொருள் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்ததில் பாதி எபெனேசரைப் பற்றியே இருக்கிறது. சரி, இந்த முறை அந்த ஒரு பெயர் மட்டும்.

நாகர்கோவில் வாசகர்: மகனுக்கு எபெனேசர் என்று பெயர் வைத்திருக்கிறோம். வேதத்தில் எபெனேசர் யார் என்று அவன் கேட்கிறான். எங்கே தேடியும் ஆள் அகப்படவில்லை.

அகப்படாது. அப்படி ஒரு ஆளே இல்லை. அது ஒரு கல்லின் பெயர். 1 சாமுவேல் 7:12-இல் இஸ்ரவேலரின் எதிரிகளான பெலிஸ்தரை முறியடித்த பிறகு தீர்க்கதரிசி சாமுவேல் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே ஒரு கல்லை நிறுத்தி, "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்" என்று சொல்லி அந்தப் பேரை வைக்கிறார். எபிரேயத்தில் 'எவென்' என்றால் கல், 'ஏஸெர்' என்றால் உதவி. நடுவில் வரும் 'ஹா' வெறும் சுட்டு. ஆக, உதவியின் கல். சங்கீதம் 121-இல் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்" என்று படிக்கிறோமே, அந்த ஒத்தாசைக்கும் மூலச்சொல் இதே ஏஸெர்தான். எனக்குக் கேட்டால் 'ஒத்தாசைக் கல்' என்றே சொல்லுவேன். உதவியைவிட அதில் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

மகனிடம் சொல்லுங்கள்: எஸ்றா, அசரியா, எலெயாசார் எல்லாம் இதே வேரில் முளைத்த பெயர்கள். எலெயாசார் கிரேக்கத்துக்குப் போய் லாசருவானார். அவனுக்கு ஆட்கள் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் நிறையவே உண்டு.

பாளையங்கோட்டை வாசகர்: 7-ஆம் அதிகாரத்தில்தான் பெயர் வைக்கிறார். ஆனால் 4-ஆம் அதிகாரத்திலேயே இஸ்ரவேலர் எபெனேசருக்குப் பக்கத்தில் பாளயமிறங்குகிறார்கள். இது எப்படி?

கூர்ந்து படித்திருக்கிறீர்கள். அந்த 4-ஆம் அதிகாரம் பெலிஸ்தரிடம் பட்ட கேவலமான தோல்வி. முதலில் ஏறக்குறைய 4,000 பேர், அப்புறம் 30,000 பேர் விழுகிறார்கள். உடன்படிக்கைப் பெட்டி பிடிபடுகிறது. செய்தி கேட்டு ஆசாரியர் ஏலி மல்லாந்து விழுந்து சாகிறார். எபெனேசரிலிருந்துதான் பெட்டியைப் பெலிஸ்தரின் ஊரான அஸ்தோத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று 5:1 சொல்கிறது.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். பின்னால் வந்த பெயரைக் கதை சொல்பவர் முன்கூட்டியே போட்டுவிட்டார் என்பது ஒன்று. நமக்கும் அந்தப் பழக்கம் உண்டு, "சென்னையில் 1750-இல்" என்று சர்வசாதாரணமாக எழுதுகிறோமே. இரண்டாவது, இரண்டும் வேறு வேறு இடம் என்பது. தோற்ற இடம் ஆப்பெக்குக்கு எதிரே, கடலோரச் சமவெளியின் விளிம்பில். சாமுவேலின் கல்லோ மிஸ்பாவின் பக்கம், மலைநாட்டில். ஆப்பெக்குக்குக் கிழக்கே இஸ்பெத் சர்த்தா என்ற மேட்டை 1970-களில் தோண்டினார்கள். யாரோ எழுத்துகளை வரிசையாக எழுதிப் பழகிய ஓட்டுச் சில்லு ஒன்று அங்கே கிடைத்தது. அந்த மேடுதான் முதல் எபெனேசர் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

நான் இரண்டாவது விளக்கத்தின் பக்கம். தோற்ற இடத்தின் பெயரையே எடுத்து வெற்றிக்கல்லுக்கு வைத்தார் சாமுவேல் என்று படித்தால் "இம்மட்டும்" என்ற சொல்லுக்கு எடை கூடுகிறது. அந்த 'மட்டும்' தோல்வியையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது.

கோவை வாசகர்: யூதர்கள் இந்தப் பெயரை வைப்பார்களா?

பொதுவாக இல்லை. அவர்களிடம் 'எவென் ஹாஏஸெர்' என்றால் திருமணமும் விவாகரத்தும் நினைவுக்கு வரும்! 14-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு பென் ஆஷெர் யூதச் சட்டங்களை நான்கு பகுதியாகத் தொகுத்தபோது குடும்பச் சட்டத்துக்கு இட்ட தலைப்பு அது. யோசேப்பு காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அருக் என்ற சட்டநூலும் அதே தலைப்பைத்தான் வைத்துக்கொண்டது. ஆதியாகமம் 2:18-இல் ஏவாளை "ஏற்ற துணை" என்கிற இடத்தில் வருவதும் ஏஸெர் என்ற சொல்தான். கல்யாணச் சட்டத்துக்குப் பொருத்தமான சிலேடை.

சென்னை வாசகர்: அப்படியானால் ஆளுக்கு வைக்கிற வழக்கம் யாரிடமிருந்து வந்தது? ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனும் எபெனேசர்தானே?

17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பியூரிட்டன்களிடம், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளிடம், போய் நிற்கும். புனிதர்களின் பெயர் வேண்டாம் என்று பழைய ஏற்பாட்டைப் புரட்டியவர்கள், ஊர்ப்பெயர், கல்பெயர் எதையும் விடவில்லை. ஸ்காட்லாந்துப் போதகர் எபெனேசர் எர்ஸ்கின் 1680-இல் பிறந்தவர். தோட்ட நகரங்கள் என்ற யோசனையைக் கொண்டுவந்த எபெனேசர் ஹோவார்டு 1850-இல். இரண்டுக்கும் நடுவே, 1843-இல், டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் ஸ்க்ரூஜ் வந்தார். ஒரு பைசாவுக்கும் ஒத்தாசை செய்யாத ஆளுக்கு ஒத்தாசைக் கல் என்று பெயர். ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் அது இன்று கிழட்டுப் பெயர். நம் பக்கத்தில் அந்தக் கறை படவில்லை. எல்கேஜியிலேயே எபெனேசர்கள் இருக்கிறார்கள்.

தஞ்சை வாசகர்: ஊருக்கோ ஆலயத்துக்கோ வைத்ததுண்டா?

ஏராளம். வேல்ஸில் சிற்றாலயங்களுக்குச் சர்வசாதாரணமான பெயர். அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் போதகராக இருந்த எபெனேசர் பாப்டிஸ்ட் ஆலயம் 1886-இல் தொடங்கியது. ஆனால் எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1734-இல் உருவான எபெனேசர் குடியிருப்பு. மதத்துக்காகச் சால்ஸ்பர்க்கிலிருந்து துரத்தப்பட்ட லூத்தரன்கள் அமைத்தது. நிலம் விளையவில்லை, காய்ச்சல் வேறு. இரண்டே வருஷத்தில் பெயரையும் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்ப் புது எபெனேசர் கட்டினார்கள். அவர்களுடைய போதகர் போல்ட்சியுஸ் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து போனவர். தரங்கம்பாடி மிஷனுக்கு ஆள் அனுப்பியதும் அதே ஹாலேதான்.

தூத்துக்குடி வாசகி: பெண் குழந்தைக்கு வைக்கலாமா? மாமியார் ஆண் பெயர் என்கிறார்.

வழக்கப்படி மாமியார் சொல்வது சரி. இலக்கணப்படி நீங்கள் ஜெயிப்பீர்கள்: எபிரேயத்தில் 'எவென்' பெண்பால் சொல். எபெனேசர், எபனேசர், எபிநேசர் என்று மூன்று எழுத்துமுறை புழக்கத்தில் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் எது ஏறுகிறதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.