பழைய மவுண்ட் ஒப்ஷன்கள்: கேள்வி பதில்

கேள்வி (காத்தான்குடி): லினக்ஸ் கெர்னல் 6.18இன் ஆரம்ப ஆர்சியை (வெளியீட்டுக்கு முந்திய சோதனைப் பதிப்பு) ஆர்ச் லினக்ஸில் போட்டுப் பார்த்தேன். ரூட்டில் (முதன்மைக் கோப்பு முறைமையில்) எதையும் எழுத முடியவில்லை. எஃப்எஸ்டேப்பில் (டிஸ்க்குகளை எப்படி ஏற்றுவது, அதாவது மவுண்ட் செய்வது, என்று சொல்லும் கோப்பு) ‘அட்டர்2’ என்ற ஒப்ஷன் இருப்பது காரணமா?

பதில்: ஆம். உங்கள் டிஸ்க்கின் கோப்பு முறைமையான எக்ஸ்எஃப்எஸ் அந்த ஒப்ஷனைக் கெர்னல் 5.10இலேயே கைவிடப்பட்டதாக அறிவித்து, 6.18இல் நீக்கியது. நீங்கள் அதைக் கையால் எழுதியிருக்க மாட்டீர்கள். நிறுவும்போது எஃப்எஸ்டேப்பை எழுதித்தரும் ஜென்எஃப்எஸ்டேப், அப்போது நடப்பிலுள்ள மவுண்ட் வரியை, இயல்பான ஒப்ஷன்களும் சேர, அப்படியே இறக்கிவிடுகிறது. கணினி எழும்பும்போது முதலில் ஓடும் தற்காலிக அமைப்பான இனிட்ராம்எஃப்எஸ் ரூட்டை ஒப்ஷன் எதுவுமின்றி ஏற்ற, எஃப்எஸ்டேப்பில் உள்ளவை ரீமவுண்டின்போதே (மறுபடி ஏற்றும்போதே) வருவதாலும், அந்தக் கட்டத்தில் பழைய கெர்னல்கள் வாய் திறக்காததாலும், முன்னெச்சரிக்கை உங்கள் கண்ணில் பட வழியே இருக்கவில்லை. ரீமவுண்ட் மறுக்கப்பட்டதும் ரூட் வாசிப்புக்கு மட்டுமான நிலையிலேயே நின்றுவிட்டது. இப்போது ரீமவுண்ட் கட்டளையில் டிஸ்க்கின் பெயர், ஏற்றும் இடம் இரண்டையும் கொடுங்கள். ஒன்றை மட்டும் கொடுத்தால் மவுண்ட் மறுபடியும் எஃப்எஸ்டேப்பைத்தான் வாசிக்கும். பிறகு அந்த ஒப்ஷனை அழித்துவிடுங்கள்.

கேள்வி (கல்முனை): வேகத்துக்காக ‘நோபாரியர்’ போட்டேன், எக்ஸ்எஃப்எஸ் ஏற்கவில்லை.

பதில்: 4.19இல் நீக்கிவிட்டார்கள், நல்லதே செய்தார்கள். சொல்லாமல் கரண்ட் போகும் ஊரில், டிஸ்க்கின் கேஷில் உள்ளதை உரிய நேரத்தில் எழுதச் சொல்லும் கட்டளையை நிறுத்துவது தரவைப் பணயம் வைப்பதாகும். எக்ஸ்ட்4 என்ற இன்னொரு கோப்பு முறைமை இன்னும் அதை ஏற்கிறது என்பதற்காக அங்கே போய்விடாதீர்கள்.

கேள்வி (சம்மாந்துறை): எனக்கும் அட்டர்2 பிரச்சினைதான்.

பதில்: முதற்பதிலை வாசியுங்கள். பிராக் மவுண்ட்ஸில் (இப்போது ஏற்றப்பட்டிருப்பவற்றைக் கெர்னல் காட்டும் பட்டியல்) தெரியும் வரியை எஃப்எஸ்டேப்பில் ஒட்டாதீர்கள்.

கேள்வி (ஒலுவில்): நீக்கிய ஒப்ஷனை எச்சரித்துவிட்டுப் புறக்கணிக்கும்படி பின்னர் மாற்றினார்களே, அது கோழைத்தனம் இல்லையா? மறுத்தால்தானே திருந்துவார்கள்?

பதில்: அட்டர்2 எப்படியும் இயல்பாகவே நடப்பதுதான், அதைப் புறக்கணிப்பதால் எவருக்கும் எதுவும் மாறாது, மறுத்தால் ஒரு சேர்வர் எழும்பாது.

ஒலுவில்: அப்படியானால் எல்லா ஒப்ஷனையும் புறக்கணிக்கலாமே?

பதில்: கூடாது தம்பி. ‘நோசூயிட்’ போன்ற பாதுகாப்பு ஒப்ஷனைக் கெர்னல் சத்தமில்லாமல் விழுங்கினால், பூட்டியதாக நினைத்த கதவு திறந்தே கிடக்கும். விட்டாலும் நடத்தை மாறாத ஒப்ஷனுக்கு மட்டுமே இந்தச் சலுகை.

கேள்வி (ஏறாவூர்): விண்டோஸ் டிஸ்க்கில் அனுமதிச் சிக்கல்.

பதில்: என் துறை அல்ல.

கேள்வி (அக்கரைப்பற்று): அட்டர்2ஐ எடுத்தால் தரவு அழியுமா?

பதில்: அழியாது. வரியை ஒட்டாதீர்கள் என்று இன்னும் எத்தனை தரம் சொல்வது?

கேள்வி (களுவாஞ்சிகுடி): பழைய டிஸ்க்கில் எக்ஸ்எஃப்எஸ் இன்ஃபோ கட்டளை, ‘சிஆர்சி’ 0 என்கிறது.

பதில்: அது எக்ஸ்எஃப்எஸ்ஸின் பழைய வி4 வடிவம், 2038க்குப் பிந்திய நேரத்தை அதனால் பதிய முடியாது. ஆதரவு 2030 செப்டம்பரில் நீக்கப்படவுள்ளது. இருந்த இடத்திலேயே வி5க்கு மாற்ற வழியில்லை: தரவை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, புதிதாக ஃபோர்மட் செய்து, திருப்பி எழுதுங்கள்.