அந்தப் படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்

கேள்வி: சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் வழங்கும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள், பொருளைக் கையளிக்கும் படத்தைக் கட்டாயம் கேட்கிறார்கள். சென்ற மாதம் தையல் கடை வைத்திருக்கும் அண்ணர் ஒருவரின் படத்தை முகநூலில் போட்டோம். அவருடைய மகளின் வகுப்பில் அதைக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். எடுத்துவிடும்படி அவர் தொலைபேசியில் கேட்டார். “எடுத்தால் நன்கொடையாளர் கோபிப்பார், சோகம் இல்லாவிட்டால் காசு வராது” என்கிறார் எங்கள் பணிப்பாளர். டிசம்பர் 3ஆம் திகதி மாற்றுத்திறனாளிகள் தின விழாவும் என் பொறுப்பில்தான். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, இந்த இதழை மூடி வைத்துவிட்டு முதலில் அந்தப் படத்தை முகநூலிலிருந்து எடுங்கள். பணிப்பாளருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். திட்டு விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

“சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே” என்று அவர் சொல்லக்கூடும். புதிய நாற்காலி முற்றத்தில் நிற்கிறது, கொண்டுவந்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள். அந்த நேரத்தில் நீட்டுகிற படிவத்தில் எவர்தான் கையெழுத்து வைக்க மாட்டார்? அதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் பொருளைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு கிழமை கழித்துப் போய்ப் படம் கேளுங்கள். மறுத்தாலும் நாற்காலி தன்னுடையதுதான் என்று தெரிந்த பிறகு ஒருவர் சொல்கிற ஓம்தான் ஓம். பணிப்பாளருக்குச் சட்டம் வேண்டுமென்றால், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்திருக்கிறது. அதன் 22ஆம் உறுப்புரை அந்தரங்கத்தைப் பற்றியது. அச்சடித்து அவருடைய மேசையில் வையுங்கள்.

நன்கொடையாளரை வில்லனாக்க வேண்டாம். ரொறன்ரோவில் இரண்டு வேலை செய்து பணம் அனுப்புகிறவருக்கு, அது உரிய இடத்துக்குப் போனதா என்ற ஐயம் வரத்தான் செய்யும். ஏமாந்தவர்களின் கதைகளை அவரும் கேட்டிருப்பார். பெரும்பாலும் படம் கேட்பது கணக்குக்காகத்தான். ஆகவே கணக்கைக் கொடுங்கள்: பற்றுச்சீட்டு, வாங்கிய பொருளின் விபரம், ஆறு மாதம் கழித்து அது பாவனையில் இருக்கிறதா என்ற குறிப்பு.

அந்தக் கடைசிக் குறிப்பை எழுத நீங்கள் வீடு வீடாகப் போக வேண்டிவரும். போனால் பணிப்பாளருக்கே தெரியாத செய்திகள் கிடைக்கும். வடமராட்சி கிழக்கில் ஒரு கொட்டிலில் நான் பார்த்த சக்கர நாற்காலியில் வலைக் குவியல் இருந்தது. அதன் முன்சில்லுகள் உள்ளங்கை அளவு, ஆஸ்பத்திரி விறாந்தைக்கென்று செய்தவை. மணலில் நாலு முழம் போவதற்குள் புதைந்துவிடும். படலை வரைக்கும்கூட அது போகாது. பின்வளவு மலசலகூடத்தின் வாசலோ நாற்காலியை விட ஒடுக்கம். கொடுத்த அன்று எடுத்த படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இதை எழுதி அனுப்புங்கள். பெரிய முன்சில்லு வேண்டும், வாசலை அகலமாக்க இவ்வளவு, படலை வரை சீமெந்துப் பாதைக்கு இவ்வளவு என்று கேளுங்கள். விழிப்புணர்வு என்று பதாகையில் எழுதுகிறோமே, அது இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. முதல் சில மாதங்கள் வரவு குறையலாம். குறையாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இனி விழா. சில வருடங்களுக்கு முன் இப்படியொரு விழாவில் நாலு இளைஞர்கள் ஒருவரை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினார்கள். ஒரே கைதட்டல். அவருடைய வேட்டி ஒரு பக்கம் விலகிவிட்டது. ஒரு கையால் அதையும் மற்றக் கையால் சில்லையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மறுநாள் பத்திரிகையில் வந்ததும் அந்தக் கணந்தான்.

மண்டபம் பார்க்க அளவுநாடாவோடு போங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. மேடை 3 அடி என்றால் 36 அடி வேண்டும். அவ்வளவு இடம் எந்த மண்டபத்தில் இருக்கிறது? மேடையை விட்டுவிட்டு, பிரதம விருந்தினரைக் கீழே எல்லோரோடும் உட்கார வையுங்கள். பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. நம் மண்டபக்காரர்கள் வாசித்ததாகத் தெரியவில்லை.

அழைப்பிதழைப் படமாக மட்டும் அனுப்பினால், பார்வையற்றவரின் கைபேசி ‘படம்’ என்று சொல்லி நிறுத்திவிடும். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினாலும் வில்லங்கம். நம் கண்ணுக்கு அது தமிழ், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்கு ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்பதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று உளறும். யூனிகோடில் தட்டச்சு செய்த அழைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். செவிப்புலனற்றோர் வருவதானால் சைகைமொழி பெயர்ப்பாளரை வெளிச்சத்தில் நிறுத்துங்கள், பேச்சுகளைப் பாதியாகக் குறையுங்கள். (இரண்டாவது யோசனை எல்லோருக்கும் நல்லது.) விழாக் குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், உங்கள் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்றும் பணிப்பாளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது தேநீர் நேரமாக இருந்தால் நல்லது.

அந்த அண்ணரிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு முடித்துவிடாமல் கடைக்குப் போங்கள். படத்தை நன்கொடையாளர் தன் பக்கத்திலும் பகிர்ந்திருப்பார். அவருக்கு எழுதி அதையும் நீக்கிய பிறகே போங்கள். விழாவுக்குத் துணிப்பை தைக்க வேண்டியிருந்தால் அவரிடமே விலை கேளுங்கள், சொல்கிற விலையைக் கொடுங்கள். அதைப் படம் எடுக்க வேண்டாம்.