ஆம்பர் என்பது மஞ்சள் அல்ல

தம்பி, பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம் பெறுவதற்காகத் தியரி டெஸ்ட்டுக்குப் படிக்கும் நீங்கள், போக்குவரத்து விளக்கின் நடுநிறத்தை இங்கே ‘எல்லோ’ என்னாமல் ‘ஆம்பர்’ என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள்.

மரப்பிசின் பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகிய பொருளுக்கு ஆம்பர் என்று பெயர். தேனுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட அதன் நிறத்துக்கும் அப்பெயரே நிலைத்தது. திமிங்கிலத்திலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருளை நாம் அம்பர் என்கிறோமே, அதற்கும் இதற்கும் மூலம் ஒரே அரபுச் சொல்தான்.

சாலையில் ஆம்பர் எரிந்தால் நிற்க வேண்டும் என்பதே பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பான ‘ஹைவே கோட்’ கூறும் விதி. நிறுத்தக் கோட்டை ஏற்கெனவே கடந்திருந்தாலோ, கோட்டை மிகவும் நெருங்கிவிட்டதால் திடீரென நிறுத்தினால் விபத்து நேரக்கூடும் என்றாலோ மட்டுமே தொடர்ந்து செல்லலாம். மஞ்சளைக் கண்டதும் சிவப்பு விழுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டும் நம் ஊர்ப் பழக்கத்தைத் தயவுசெய்து இங்கே தொடராதீர்கள். பச்சைக்குச் சற்று முன்பாகச் சிவப்பும் ஆம்பரும் சேர்ந்து எரியும். அப்போது புறப்பட ஆயத்தமாகலாமே தவிர, பச்சை வரும்வரை வண்டி நகரக் கூடாது.

வானிலைச் செய்தியில்தான் வேறுபாடு முழுமையாக விளங்கும். பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபிஸ் விடுக்கும் எச்சரிக்கைகளில் மஞ்சள், ஆம்பர், சிவப்பு என மூன்று படிகள் உண்டு. நம் ஊரில் ‘ஆரஞ்சு அலர்ட்’ என்று சொல்வதற்கு ஏறத்தாழ ஈடானது இங்குள்ள ஆம்பர். நான் வந்த முதல் குளிர்காலத்தில், பனிப்பொழிவுக்கு ஆம்பர் எச்சரிக்கை என்று வானொலியில் கேட்டும், மஞ்சள்தானே என்று எண்ணிக் கைக்குழந்தையோடும் மனைவியோடும் ரயிலேறினேன். பாதி வழியில் ரயில்கள் நிறுத்தப்பட்டு, குழந்தைக்குப் பால் சுடவைக்கவும் வழியில்லாமல் ஒரு சிறு நிலையத்தில் இரவைக் கழித்தோம். பயணத்தடை, மின்வெட்டு, சில வேளைகளில் உயிராபத்துக்கும் வாய்ப்பு உண்டு என்பதையே அந்தச் சொல் குறிக்கிறது என்று பிறகுதான் அறிந்தேன்.

அலுவலகத் திட்ட அறிக்கையில் ஆம்பர் என்று குறித்திருந்தால், வேலையில் சிக்கல் தோன்றியிருக்கிறது, இப்போதே கவனித்தால் சரிசெய்யலாம் என்று பொருள்.

உங்கள் இந்திய உரிமத்தைக் கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் மட்டுமே ஓட்ட முடியும் என்பதால், தேர்வுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள்.