வரைபடத்தில் வைத்த விரல்

கேள்வி: கட்டட அனுமதி தாமதமாகிறதே, நிலப் பயன்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி உள்ளாட்சி மன்றங்களின் அதிகாரத்தைக் குறைத்தால் என்ன?

பதில்: குறைக்க வேண்டாம், முன்னால் நகர்த்துங்கள் என்பேன்: அனுமதி கேட்கும்போது அல்ல, வரைபடம் வரையும்போதே மன்றம் முடிவெடுக்கட்டும். இங்கிலாந்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து, சொந்த மனையில் வீடு கட்டவும் மன்றத்தின் அனுமதி வேண்டும். ஒவ்வொரு விண்ணப்பமும் தனி வழக்கு மாதிரி இழுக்கும். ஜப்பானில், எங்கே எதைக் கட்டலாம் என்று பிரிக்கும் 13 வகை நில மண்டலங்களைத் தேசியச் சட்டமே வகுத்திருக்கிறது. எந்தத் தெரு எந்த மண்டலம் என்று குறிப்பது உள்ளூர் நிர்வாகம். விதிக்குள் அடங்கினால் அனுமதி கிடைத்துவிடும். எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

ஒரு வரைவுத் திட்டக் கூட்டத்தில் ஓர் அம்மா, வரைபடத்தில் மஞ்சள் பூசிய குடியிருப்புப் பகுதியில் விரலை வைத்து, "மழைத்தண்ணி இங்கதான்யா நிக்கும்" என்றார். அதிகாரி அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டார். கட்டடம் எழும்பிய பிறகு சொல்லி என்ன பயன்? வரைவு வரைபடம் பார்வைக்கு வரும்போதே போய்ப் பாருங்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.