நிலத்தை விற்க வேண்டாம், அம்மா

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் போன வாரம் மகளோடு வந்திருந்தார். இரண்டு முறை நீட் எழுதியும் இடம் கிடைக்கவில்லை. ஒன்றரை ஏக்கரை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறாராம் தாய்மாமன். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை.

அம்மா, அந்த நிலத்தைத் தொடாதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். பிறகு பயிற்சிக் காலம். அதுவரை வீடு எதில் ஓடும்? மாமன் பாசமாகத்தான் சொல்கிறார். ஆனால் நிலம் அவருடையதல்ல, படிக்கப்போவதும் அவரல்ல.

மகளிடம் எது பிடிக்கும் என்று கேட்டேன். விலங்கியல் ரெக்கார்டு நோட்டை எடுத்து நீட்டினாள். ரத்த அணுக்களை வரைந்திருந்தாள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுவின் உட்கரு மடல்களை இணைக்கும் மெல்லிய இழைகூட விடுபடவில்லை. இந்தக் கண்ணுக்கு ஏற்ற படிப்பு பி.எஸ்சி. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்.

'ரத்தம் எடுக்கிற வேலைதானே' என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையைப் பரிசோதிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. மருத்துவர் இடுப்பெலும்பின் பின்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, உள்ளிருந்து மஜ்ஜையை உறிஞ்சுவார். முதலில் அரை மில்லி போதும். அதிகம் இழுத்தால் ரத்தம் கலந்து நீர்த்துவிடும். பக்கத்திலேயே நிற்கும் தொழில்நுட்பர், உறைவதற்குள் அதைக் கண்ணாடிச் சில்லில் பரப்ப வேண்டும். ரவைபோல் சிறு துணுக்குகள் தெரிந்தால்தான் மஜ்ஜை சரியாக வந்திருக்கிறது என்று பொருள். எலும்புத் துண்டும் எடுத்திருந்தால், அதன் சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் நீக்கி மென்மையாக்கிய பிறகே சீவ முடியும். சில்லுக்கு, அணுக்களை நிறம் பிரித்துக் காட்டும் லீஷ்மன் சாயம். இரும்புச் சத்தைப் பார்க்க வேறொரு நீலச் சாயம். சாயம் கெட்டால் அணுக்களை அடையாளம் காண முடியாது. மஜ்ஜையில் முதிராத பிளாஸ்ட் அணுக்கள் 20 சதவீதத்தைத் தொட்டால் பொதுவாக அது தீவிர ரத்தப் புற்றுநோய். அறிக்கையில் கையெழுத்திடுபவர் மருத்துவர்தான். ஆனால் பரப்பியதும் சாயமிட்டதும் சரியாக இல்லாவிட்டால் அவரால் எதையும் சொல்ல முடியாது; நோயாளி இன்னொரு முறை ஊசி வலியைத் தாங்க வேண்டும்.

நாம் இருப்பது வேலூர். இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சி.எம்.சி.) 1986-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தொடங்கிவிட்டது. ரத்த நோய்க்காக வங்காளத்திலிருந்து ரயிலேறி இங்கே வருகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு இது பக்கத்து ஊர்.

தொடக்கச் சம்பளம் குறைவுதான், இரவுப் பணியும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இல்லாமல் படிக்கலாம். அரசுக் கல்லூரிகளில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். மேலே எம்.எஸ்சி. வரை போகலாம்.

நிலப் பத்திரம் மாமன் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வாங்கி வையுங்கள். சேர்க்கை அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தை மகளே நிரப்பட்டும்.