கூட முடியாதவர் கணக்கு

கேள்வி: அமெரிக்காவில் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைச் சில மாநிலங்களில் பிரைமரி வைத்து ஓட்டுப் போட்டும், சில மாநிலங்களில் காக்கஸ் கூட்டியும் தேர்ந்தெடுக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் ஓரிடத்தில் கூடிப் பேசி முடிவெடுக்கும் காக்கஸ்தானே உண்மையான ஜனநாயகம்?

பதில்: 'கூடி' என்கிறீர்களே, அந்த ஒரு சொல்லோடுதான் என் சண்டை. யாரால் கூட முடியும்?

2020 பிப்ரவரி 3, திங்கட்கிழமை இரவு 7 மணி. அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸ். பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ நூலகத்திலோ அந்த நேரத்துக்கு வரிசையில் நின்றாக வேண்டியிருந்தது. தபால் ஓட்டு அப்போது கிடையாது. இரவு ஷிப்ட் நர்ஸ், கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் பணியாளர், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் எல்லோரும் கணக்கிலேயே இல்லை. வேறு நேரங்களில் சில துணைக் கூட்டங்களும் நடந்தன. அங்கும் ஆள் நேரில் போகத்தான் வேண்டும்.

போய்ச் சேர்ந்தவர் கதையைப் பாருங்கள். ஓர் அறையில் 120 பேர். வேட்பாளர் சார்பில் கட்சியின் அடுத்த மட்டக் கூட்டத்துக்குப் போக அந்த வட்டாரத்துக்கு 6 பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நிற்கிறார்கள்: 52, 41, 17, 10. தேற வேண்டுமானால் 15 சதவீதம், அதாவது 18 தலை வேண்டும். பதினேழு பேர் நிற்கும் மூலைக்கு ஒரு தலை குறைகிறது. இனி பத்துப் பேர் மூலையிலிருந்து யாரையாவது இழுத்து வர வேண்டும், இல்லையென்றால் கலைந்து வேறு மூலைக்குப் போக வேண்டும். பத்துப் பேரும் அங்கே வந்துவிட்டால் 27. அதை 6-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 1.35, ஒரு பிரதிநிதி. 52-க்கு 2.6, ஆகவே மூன்று, 41-க்கு 2.05, இரண்டு. இங்கே கணக்கு சரியாக விழுந்துவிட்டது. கடைசிப் பிரதிநிதிக்கு இரண்டு மூலையும் சமமாக வந்து நின்றால்? பூவா தலையா போடுவார்கள். அயோவாவில் உண்மையிலேயே போட்டிருக்கிறார்கள்.

இதில் பேச்சு எங்கே இருக்கிறது? இழுப்புத்தான் இருக்கிறது. அதுவும் முதலாளியும் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்பது ஊருக்கே தெரியும். கை தூக்கி ஓட்டுப் போடுவதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எதிர்த்திருக்கிறேன், இன்னும் எதிர்ப்பேன். ரகசியம் இல்லாத ஓட்டு பலவீனமானவர் கையில் ஓட்டே அல்ல. குடியரசுக் கட்சிக்காரர்கள் இந்த விஷயத்தில் மேல்: அயோவா காக்கஸில் அவர்கள் சீட்டில் பெயர் எழுதித்தான் போடுகிறார்கள். ஆனால் 2012-இல் அந்தச் சீட்டுக் கணக்கையே தொலைத்தார்கள். அன்றிரவு ராம்னி என்ற வேட்பாளர் 8 ஓட்டில் முன்னிலை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து எதிரே நின்ற சாண்டோரம் 34 ஓட்டில் முன்னிலை, எட்டு வட்டாரங்களின் கணக்கைக் காணவில்லை என்றார்கள். தேர்தல் நடத்தியது அரசு அல்ல, கட்சித் தொண்டர்கள். ஜனநாயகக் கட்சியின் 2020 காக்கஸிலும் முடிவுகளை அனுப்பும் செயலி மக்கர் செய்து, தொலைபேசி வழியும் அடைத்துக்கொண்டு, முதல் எண்களே மறுநாள்தான் வந்தன.

காக்கஸையும் பிரைமரியையும் ஒரே மாநிலத்தில் ஒப்பிட நெப்ராஸ்கா போதும். 2016 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் காக்கஸுக்குச் சுமார் 33,000 பேர் வந்தார்கள், வென்றவர் சாண்டர்ஸ். மே மாதம் அதே கட்சிக்குப் பிரைமரியும் நடந்தது. பிரதிநிதிகளை அது தீர்மானிக்காது என்று தெரிந்தும் சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள். வென்றவர் ஹிலாரி கிளிண்டன். பிரதிநிதிகளைப் பங்கிட்டதோ முதல் கணக்குத்தான்.

பிரைமரி மட்டும் யோக்கியமா என்பீர்கள். நியூயார்க்கில் அந்தக் கட்சிக்காரர் என்று பதிந்து வைத்தவருக்குத்தான் பிரைமரியில் ஓட்டு. 2016 ஏப்ரல் பிரைமரிக்குக் கட்சிப் பதிவை மாற்றக் கடைசி நாள் 2015 அக்டோபர். ஆறு மாதம் முன்பே விழித்துக்கொள்ளாதவர் வெளியே நின்றார். இந்தப் பூட்டை உடைக்க ஒரு சட்டத்திருத்தம் போதும். வேலைக்குப் போன நர்ஸை இரவு 7 மணிக்கு எந்தச் சட்டத்தால் கூட்டிவர முடியும்?

காக்கஸில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: முதல் விருப்பம் தேறாவிட்டால் இரண்டாவதுக்குப் போகலாம். அதற்கும் கூட்டம் வேண்டாம். 2020-இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி, வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் சீட்டைத் தபாலில் அனுப்பியது. கடைசியில் இருப்பவர் ஒவ்வொருவராக விலக, அவர் ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போயின. மிஞ்சிய எல்லோரும் 15 சதவீதத்தைத் தொடும்வரை. மூலைக்கு மூலை ஆளை இழுக்கும் அதே வேலையைக் காகிதம் செய்துவிட்டது, யார் எங்கே நின்றார் என்று யாருக்கும் தெரியாமல்.