கணினி கேள்வி-பதில்: அறுபதுக்கு மேல் லினக்ஸ்

கே: வயது 66. என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தும் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்கிறான் மகன். இந்த வயதில் கைவருமா?

ப: கைவரும். விண்டோஸ் 11 மறுப்பதற்குப் பெரும்பாலும் ராம் காரணமாக இருக்காது. பழைய ப்ராசஸரோ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாததோதான். மின்ட் அவற்றைக் கேட்பதில்லை. 2 ஜிபி ராமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் சௌகரியம். திரைத் தோற்றத்தில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று வகை கிடைக்கும். உங்களுக்குச் சின்னமன். இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என எல்லாம் கண் பழகிய இடத்திலேயே இருக்கும்.

ஆனால் உடனே இன்ஸ்டால் செய்ய வேண்டாம். முதலில் பென் டிரைவிலிருந்தே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (மின்ட் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். சுமார் 3 ஜிபி வரும். 8 ஜிபி பென் டிரைவ் போதும், அதில் இருப்பதெல்லாம் அழியும். பலர் தவறுவது இங்கேதான்: கோப்பை இழுத்து பென் டிரைவில் போட்டால் அதிலிருந்து கணினி கிளம்பாது. எச்சர் அல்லது ரூஃபஸ் மென்பொருளால் 'எழுத' வேண்டும்.

பிறகு லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்பி-யில் எஃப் 9. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் திறக்கும். வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கையும் சோதியுங்கள். மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா என்றும் பாருங்கள். வைஃபை மட்டும் தகராறு செய்தால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, டெதரிங் மூலம் இணையம் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராட்காம் வைஃபை சிப்புகளில் இது வழக்கமான தொல்லை.

பென் டிரைவில் ஓடும்போது மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து மின்ட்டை எடைபோடாதீர்கள். அங்கே சேமித்ததும் மாற்றிய அமைப்பும் கணினியை அணைத்தவுடன் போய்விடும்.

கே: விண்டோஸை அழித்து மின்ட் போட்டால் டி டிரைவில் உள்ள போட்டோக்கள் தப்புமா?

ப: தப்பாது. 'எரேஸ் டிஸ்க்' என்ற தேர்வு சி டிரைவை மட்டும் அல்ல, அந்த டிஸ்க் முழுவதையும் துடைக்கும். சி-யும் டி-யும் நம் கண்ணுக்கு இரண்டு. பெரும்பாலான லேப்டாப்பில் இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டுகள்தான். போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, அதை இன்னொரு கணினியில் திறந்து நாலைந்து படங்களைப் பார்த்து உறுதி செய்த பிறகு கை வையுங்கள். இன்ஸ்டால் நடக்கும்போது அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

கே: விண்டோஸ், மின்ட் இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருக்கிறேன். மின்ட்டில் விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லை.

ப: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' செய்யும் வேலை. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும். மின்ட் அந்த டிரைவைத் தொடத் தயங்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ் போய் அதை அணைத்துவிடுங்கள்.

கே: தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்பவன் நான். மின்ட்டில் வருமா? பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்புகளும் நிறைய உண்டு.

ப: வரும். சாஃப்ட்வேர் மேனேஜரில், தமிழ்த் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவுங்கள். 'இன்புட் மெத்தட்' பகுதியில் ஐபஸைத் தேர்ந்து, லாக் அவுட் செய்து திரும்பி வந்து, ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ம' விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டிப் பாருங்கள்: முதல் ம-வுக்குப் புள்ளி தானே விழுந்து 'ம்ம' என்று வந்தால் சரியாக அமைந்துவிட்டது.

பாமினி கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், கோப்பு கெட்டுவிடவில்லை. விண்டோஸில் இருந்த பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து நிறுவினால் தமிழாகத் தெரியும். நிரந்தரத் தீர்வு, தனி எழுத்துரு தேடாமல் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவதுதான். எழுதியதை விண்டோஸ்காரர்களுக்கு அனுப்புவதென்றால் லிப்ரே ஆஃபீஸில் சேமிக்கும்போதே வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கே: டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரம்) பாஸ்வேர்டு கேட்கிறது, தட்டினால் ஒன்றுமே விழவில்லை. கீபோர்டு பழுதா?

ப: இல்லை. நட்சத்திரம்கூடக் காட்டாமல் மறைத்து வாங்கிக்கொள்கிறது. முழுவதும் தட்டி என்டர் அழுத்துங்கள்.